தனியாளாகத் திருச்சுழி பார்ப்பது எப்படி?

திருச்சுழியை ஒரு பகல் முழுக்கத் தனியாக, நடந்தே பார்க்கப் போகிறீர்கள் என்றால் தொப்பி, தண்ணீர் பாட்டில், கறுப்புக் கண்ணாடி எல்லாம் அப்புறம் எடுத்துவைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு காரணம் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஏனென்றால், காலை பத்து மணிக்கு மேல் ரோட்டில் தனியாக நடப்பவர் இன்னார் என்பதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தெளிவு உண்டு. அவர் பஸ்ஸை விட்டவர். அல்லது கிடையிலிருந்து பிரிந்துபோன ஆட்டைத் தேடுகிறவர். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர். தவணை வசூலுக்கு வந்த இடத்தில் வண்டி பஞ்சரானவர். பக்கத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்ததிலிருந்து ஐந்தாவதாக ஒரு வகையும் சேர்ந்திருக்கிறது: நிலம் விசாரிக்க வந்திருக்கும் புரோக்கர். ‘சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்’ என்று ஆறாவது வகை இன்னும் ஏற்படவில்லை. அதை நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும். முதல் ஆளுக்கு உள்ள கஷ்டம் உங்களுக்கும் உண்டு.

டீக்கடையில் அது இப்படி நடக்கும்.

“எங்கிட்டு இருந்து வாரீக தம்பி?”

“மெட்ராஸ்லேர்ந்துங்கய்யா.”

“யாரப் பாக்கணும்?”

“யாரையும் இல்ல. ஊரப் பாக்கத்தான் வந்தேன்.”

இங்கே ஒரு சின்ன மௌனம் விழும். பஜ்ஜி போடுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

“ஊர்ல என்னத்த? நாங்க பொறந்ததுலருந்து இங்கனதான் இருக்கோம். நாங்களே பாத்ததில்ல.”

இந்தக் கட்டத்தில் “ரமணர் வீடு” என்று சொல்லிவிடுங்கள். எல்லோர் முகமும் தெளிந்துவிடும். பெஞ்சில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொல்வார்கள். எல்லா வழியும் சரியாகத்தான் இருக்கும். டீக்குக் காசு வாங்க மறுத்தால் ஒருமுறை வற்புறுத்துங்கள். இரண்டாம் முறை வற்புறுத்தினால் மறுபடியும் புரோக்கர் ஆகிவிடுவீர்கள்.

திருச்சுழிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருப்புக்கோட்டையைத் தாண்டித்தான் வருவார்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் சுமார். தூத்துக்குடி நாலுவழிச் சாலை வந்த பிறகு வேகமாகப் போகிற பஸ்கள் ஊருக்குள் நுழைய யோசிக்கின்றன, “ஊருக்குள்ள போகுமா?” என்று கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளாதவர்கள் பைபாஸில் இறங்கி, நடைப்பயணத்தைத் திட்டமிட்டதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். ரயில் பிரியர்களுக்கு விருதுநகர் – மானாமதுரைப் பாதை இருக்கிறது. 2013இல் அகலப்பாதை ஆனது. அருப்புக்கோட்டையிலும் ஸ்டேஷன், திருச்சுழியிலும் ஸ்டேஷன். ஸ்டேஷன் எப்போதும் இருக்கும். ரயிலைத்தான் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

அருப்புக்கோட்டையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். சொக்கலிங்கபுரத்தில் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. அதைவிட, தேவாங்கர்களும் சாலியர்களும் நெசவு செய்கிற தெருக்களில் காலையில் நடந்து பாருங்கள். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு வேறு வேறு தாளத்தில் வரும். நின்று கேட்கத் தோன்றும், நிற்காதீர்கள். ஜன்னலோரம் நிற்கிற அந்நியர் ஒன்று நூல் பாக்கி கேட்க வந்தவர், இல்லை கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். இரண்டுமே வரவேற்கப்படுகிற வகை அல்ல. தெருவில் பாவு நீட்டியிருந்தால் தாண்டிக் குதிக்க வேண்டாம், குனிந்து நுழையவும் வேண்டாம், சுற்றிக்கொண்டு போங்கள்.

இதே அருப்புக்கோட்டையில்தான் 1977இல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதலமைச்சரானார். அடுத்த தேர்தலில், 1980இல், மதுரை மேற்குக்குப் போய்விட்டார், 1984இல் ஆண்டிபட்டிக்கு. தொகுதி அதை ஒரு மனக்குறையாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நம் மண்ணில் காலூன்றிய ஆள் வேறு ஊரில் போய்ப் பெரிய ஆளாவது இந்தப் பக்கத்துக்கு அப்போது புதிது இல்லை. எவ்வளவு பழசு என்பது திருச்சுழிக்குப் போனால் தெரியும்.

பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் கிழக்குப் பக்கமாகப் போகும்போது ஜன்னலோர இடம் கிடைத்தால் ரொம்ப ஆசைப்பட்டுப் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நடுவில் ஒரு கண்மாய்க் கரை, கண்மாய்க்குள்ளும் சீமைக் கருவேலம். அங்கங்கே புகை எழும்பினால் தீப்பிடித்துவிட்டதென்று கூச்சல் போட வேண்டாம், அது கரிமூட்டம். வேலியிலும் வயலிலும் புகுந்து நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று திட்டிக்கொண்டே, அதை வெட்டி, மூடி, எரித்து, மூட்டை கட்டி விற்றுத்தான் மழை பெய்யாத வருஷங்களை ஓட்டுகிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். அந்த மரத்துக்கு நிழலும் முள்ளாகத்தான் விழுகிறது.

முதலில் கோயில். நடை உச்சிக்குச் சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள் என்பதால் இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். சுவாமி திருமேனிநாதர், அம்பாள் துணைமாலையம்மை. பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் தரையில் குத்தி, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தலபுராணம். வெள்ளத்தை அவ்வளவு திறமையாக உள்ளே அனுப்பிவிட்டதன் பலனை இந்த வட்டாரம் இன்றைக்கும் அனுபவிக்கிறது என்று உங்களுக்கு ஒரு நகைச்சுவை தோன்றும். இதை உரக்கச் சொல்ல வேண்டாம். இங்கே ஒவ்வொருவரும் அதை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பார். உங்களுடையதைச் சொல்வீர்கள். அவர் காத்திருப்பார். மனைவி, மக்கள், தம்பி, தங்கை என்று வரிசையாக வரும் என்று அவர் நினைத்திருப்பார். “அவ்வளவுதான்” என்று சொன்னதும் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்கள் ஒரு பெயரையே கொஞ்சம் நீட்டி, சிரத்தையாகச் சொல்லி அர்ச்சனை செய்வார். தனிப்பயணத்தின் முதல் பலன் இது.

குளத்தைப் பார்க்க மாசி மாதம் வர வேண்டும். மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் குளத்தில் தண்ணீர் நாளுக்கு ஓரடியாக ஏறும், பிறகு பத்து நாளில் அப்படியே இறங்கும் என்று ரமணரே பின்னாளில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அதில் குளித்தால் பிள்ளைகள் போட்டிருந்த வெள்ளி நகை கறுத்துப்போகுமாம், தண்ணீரில் கந்தகம். சித்திரையில் வருகிறவர்களுக்குப் படிக்கட்டு உண்டு. எண்ணிப் பார்க்கலாம்.

இனி குண்டாறு. ஆற்றங்கரை நகரங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லண்டனிலும் பாரிஸிலும் ஆற்றைக் கடக்கப் பாலம் தேடி நடப்பார்கள். இங்கே வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் பாலம் தேடி அலைய வேண்டியதில்லை, நேரே இறங்கி நடக்கலாம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று தண்ணீர் வந்துவிட்டால் ஊரே கரைக்கு வந்து வேடிக்கை பார்க்கும். அன்றைக்கு மட்டும் ‘சுற்றிப் பார்க்க வந்தேன்’ என்று நீங்கள் சொன்னால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

கோயில், குளம், ஆறு, ரமணர் பிறந்த வீடு என்று எல்லாவற்றையும் காலை வீசி நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிடலாம். ஆகவே இந்த ஊரைப் பொறுத்தவரை வழிகாட்டியின் வேலை எதைப் பார்ப்பது என்று சொல்வதல்ல, ஒரு முழு நாளாக எப்படி நீட்டுவது என்று சொல்வதுதான். அதற்கு ஒரே வழி, இங்கே வந்தவர்களும் பிறந்தவர்களும் எங்கே போனார்கள் என்று விசாரிப்பது. விசாரித்தால் பொழுது போதாது.

சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். சேரமான் பெருமாளோடு மதுரைப் பக்கம் வந்தவர் திருச்சுழியலுக்கு வந்து பதிகம் பாடினார். ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அன்றிரவு கனவில் சிவபெருமான் காளைப் பருவத்துக் கோலத்தில், கையில் பொற்செண்டோடு வந்து, தாம் இருப்பது கானப்பேர் என்று சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார். கானப்பேர் என்றால் காளையார்கோவில். விடிந்ததும் சுந்தரர் அங்கே கிளம்பிவிட்டார். வந்து பாடிய விருந்தாளியை அன்றிரவே கனவில் வந்து அடுத்த ஊருக்கு வழியனுப்பிய தலம் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

நரிக்குடிப் பக்கம் முக்குளம். மருது சகோதரர்கள் பிறந்த ஊர். அவர்கள் போனது சிவகங்கைக்கு. அங்கே சீமையை ஆண்டு, வெள்ளைக்காரனை எதிர்த்து, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். அவர்கள் எழுப்பிய பெரிய கோபுரம் எங்கே இருக்கிறது? காளையார்கோவிலில். அவர்களை அடக்கம் செய்த இடம்? அதுவும் காளையார்கோவிலில். காளையார்கோவில்காரர்களைக் கண்டால் திருச்சுழிக்காரர்கள் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது.

போகாமல் இங்கேயே தங்கியவர் என்று ஒரு பெரிய மனிதரைச் சொல்லலாம். அவரைப் பார்க்க ஊரை ஒட்டிய பள்ளிமடத்துக்குப் போக வேண்டும். அங்கே உள்ள சிவன் கோயில், சுந்தரபாண்டியன் என்ற பாண்டிய மன்னனுக்கு எடுத்த பள்ளிப்படை. சோழன் தலைகொண்டவன் என்று பட்டம் வைத்துக்கொண்ட வீரபாண்டியனின் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, பத்தாம் நூற்றாண்டு. ஆக, நிரந்தரமாகத் தங்கிய பிரமுகர் இறந்த பிறகுதான் தங்கினார். அந்தக் காலத்துப் பாண்டிநாட்டுக் கோயில்களுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைத் தானம் கொடுத்துவிட்டு, சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டி வைப்பார்கள். எண்ணிக்கை குறையக் கூடாது, கிழடு தட்டக் கூடாது என்று கணக்கு. போகிற வழியில் ஆட்டு மந்தை ரோட்டை மறித்தால் ஹாரன் அடிக்கிற பைக்காரரோடு சேர்ந்து எரிச்சல்படாதீர்கள். இந்த நிலத்தில் நெல்லை நம்பி விளக்கு வைக்க முடியாது, ஆட்டை நம்பி வைக்கலாம் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆட்டுக்கு வழிவிடுவதுதான் முறை.

இப்போது உச்சிவேளை. சாப்பிட்டுவிட்டுத்தான் ரமணர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பத்து வரி எழுதலாம்தான். ஆனால் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, புரோட்டா என்று கடை கடைக்கு ஒன்றேதான். பசித்தால் உள்ளே போங்கள். தண்ணீர்தான் கவனிக்க வேண்டிய விஷயம். தண்ணீர் குறைந்த ஊரில்தான் கேட்டவுடனே தண்ணீர் கிடைக்கும். எந்த வீட்டு வாசலில் நின்றும் “அக்கா, கொஞ்சம் தண்ணி” என்று கேட்கலாம். சொம்பு வரும். வாய் வைக்காமல் தூக்கிக் குடியுங்கள், சட்டை நனைந்தாலும் பரவாயில்லை. குடித்து முடிப்பதற்குள் திண்ணையில் இருக்கிற பெரியவர் தொடங்கிவிடுவார்.

“உக்காருங்க தம்பி. கல்யாணம் ஆயிருச்சா?”

ஆகிவிட்டது என்றால் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பார். ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்பார். மூன்றாவது பதில் கிடையாது. பிறகு வேலை, சம்பளம். அதற்குப் பிறகுதான் அவர் உண்மையிலேயே கேட்க நினைத்தது வரும். நேராக வராது, சுற்றி வரும்.

“பூர்வீகம் எது?”

ஊர்ப் பெயர் சொல்வீர்கள்.

“அங்கன எந்தத் தெரு?”

சொல்வீர்கள்.

“குலசாமி எங்கிட்டு இருக்கு?”

மூன்று கேள்வியில் உங்கள் சாதியை ஒரு சொல்கூட உச்சரிக்காமல் கண்டுபிடித்துவிடுகிற இந்தத் திறமையின் முன்னால் எந்தத் துப்பறியும் இலாகாவும் நிற்காது. சென்னையில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் கூசிப்போவார்கள். கூசினாலும் பதில் சொல்லாவிட்டாலும் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டுவிடுவார். பேச்சை மழைக்குத் திருப்புங்கள். “இந்த வருஷம் கண்மாய் பெருகுச்சாங்கய்யா?” என்று கேட்டால் போதும். மடை, கலுங்கு, வரத்துக்கால் அடைப்பு, பொதுப்பணித்துறை என்று அரை மணி நேரம் போகும். உங்கள் குலசாமி தப்பித்துவிடும். நடைவழிகாட்டிகள் எதிலும் எழுதாத யோசனை இது. தனியாகப் பயணம் போகிறவர் தன்னைக் கண்டடைகிறார் என்று எங்கோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். இங்கே அந்த வேலையைத் திண்ணைப் பெரியவரே செய்து முடித்துவிடுவார்.

வெயில் சாய்ந்த பிறகு ரமணர் வீடு. கோயிலிலிருந்து அதிக தூரம் இல்லை. சுந்தர மந்திரம் என்று பெயரிட்டு ரமணாசிரமம் பராமரிக்கிறது. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள், நடராஜர் வீதியுலா முடிந்து கோயிலுக்குள் நுழைகிற நடுநிசி தாண்டிய நேரத்தில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்தார், பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமன். சுந்தரம் ஐயர் பெரிய படிப்புப் படித்தவரில்லை. சிறு வயதில் கணக்கெழுதப் போய், மனு எழுதிக் கொடுத்து, அப்படியே மேலே வந்து வக்கீல் ஆனவர். வீட்டில் ஒரு பகுதியை ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்றே விட்டு வைத்திருந்தாராம். ஆக, திருச்சுழிக்குத் தனியாக வருகிறவர் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு 1880களில் மிக நல்ல பதில் ஒன்று இருந்தது. இப்போது அருப்புக்கோட்டை லாட்ஜ்.

கோர்ட்டுக் காகிதக் கட்டை எடுத்துக் கப்பல் செய்து விட்டதற்காக அப்பா ஒருநாள் கோபித்துக்கொள்ள, பையன் காணாமல் போய்விட்டான். எல்லா இடமும் தேடி, கடைசியில் கோயிலில் அம்பாள் சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள். தண்ணீரே அரிதான ஊரில் ஒரு பையன் காகிதக் கப்பல் செய்தான் என்பதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் அறிகுறிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிச்சை மறுக்கப்பட்ட ஒரு சந்நியாசி, தலைமுறைக்கு ஒருவர் வீட்டை விட்டுப் போய்ப் பிச்சை எடுப்பீர்கள் என்று சாபம் கொடுத்துவிட்டுப் போனதாகக் குடும்பக் கதை. சுந்தரம் ஐயரின் அண்ணனும் அப்படிப் போனவர்தான்.

1892இல் அப்பா இறந்ததும் பையன் மதுரைக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போனான். அங்கிருந்து 1896 ஆகஸ்ட் 29 அன்று செய்த பயணத்தைத் தனிப்பயணம் போகிற ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்க வேண்டும். எந்த விதியையும் அவர் கடைப்பிடிக்கவில்லை. செலவுத் திட்டம்: அண்ணனின் படிப்புச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தது. வரைபடம்: பழைய அட்லஸ், அதில் திருவண்ணாமலைக்கு ரயில்பாதை இல்லை. ஆகவே திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட். விழுப்புரத்திலிருந்தே ரயில் உண்டு என்று வழியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை போய், அப்புறம் நடை. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, அடகுச் சீட்டைக் கிழித்தெறிந்தார். திரும்பும் டிக்கெட் பற்றி யோசிக்கவே இல்லை. செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. திருச்சுழி பார்க்கத் திரும்பி வரவே இல்லை.

உலகமும் அவர் இருந்த இடத்துக்கே போனது. எழுத்தாளர் பால் பிரண்டன் போனது திருவண்ணாமலைக்கு. 1938இல் சோமர்செட் மாம் வந்து மயங்கி விழுந்தது திருவண்ணாமலை ஆசிரமத்தில். திருச்சுழி வெயிலுக்கும் ஓர் ஆங்கில நாவலாசிரியரை மயங்கி விழவைக்கும் தகுதி தாராளமாக உண்டு, வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் நீங்கள் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் உட்காரலாம். ஞானம் வந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்க்க வேண்டாம்.

இருட்டுவதற்குள் அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மல்லிகைப் பூ விற்பார்கள். தனியாக வந்த ஆண் பூ வாங்கினால் “வீட்டுக்கா தம்பி?” என்று கேட்பார் பூக்காரம்மா, ஆமாம் என்றால் முழத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவார், இல்லை என்றால் பேசாமல் போடுவார். எப்படியானாலும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன் பறித்த பூவில் எவ்வளவோ மூட்டை கட்டி மதுரை ஏறிவிடுகிறது. அங்கே இறங்கியதும் அதற்கு மதுரை மல்லி என்று பெயர். 2013இல் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஊர் மாறியதும் விலையும் மாறிவிடும்.